கறுப்புக்கு எட்டரை

சனிக்கிழமை ராத்திரி பத்துக்கு மேல்
செல்லூரில் குபேந்திரன் வீட்டு மாடியறை.
ஜன்னலுக்கு ஈரத் துண்டு, கதவிடுக்குக்குச் சாக்கு.
எதிர் லாட்ஜின் பச்சை விளக்கு
ஒரு சொட்டு உள்ளே வந்தாலும்
கறுப்பு கெட்டுவிடும் என்பான்.

ஒரே அமெரிக்கப் படம், மூன்று வட்டுகள்.
முதலாவது மீனாட்சி பஜாரில் நாற்பது ரூபாய்,
உறையில் வேறொரு படத்தின் நாயகி.
இரண்டாவது, துபாய் மச்சினன்
பனியனில் சுருட்டிக் கொண்டுவந்தது.
மூன்றாவது போன வாரம் கூரியரில்;
சுங்க வரியோடு சேர்த்து
மனைவி சுமித்ராவிடம் சொல்லப்படாத விலை.

என் மடியில் நோட்டு.
படம், ஒலி, கறுப்பு என்று மூன்று பத்தி.
பதினேழு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்
சிம்மக்கல்லில், ஓர் எலும்பு டாக்டரிடம்.
சாம்பலுக்குள் எத்தனை சாம்பல் என்று
எனக்குத் தெரியும் என்பது இவன் நம்பிக்கை.

முதல் வட்டில்
பெய்வது மழையா கீறலா என்பதே வழக்கு.
கட்டம் போட்ட சட்டை வந்தால் நெளிகிறது.
குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிறது,
நடுவில் யாரோ இருமுகிறார்கள்,
படத்தில் இருப்பவர் அல்ல.
படம் இரண்டு. ஒலி இரண்டு. கறுப்பு
என்று ஒன்று இல்லை.

இரண்டாவதில் எல்லாம் துப்புரவு.
துப்புரவு முற்றிப்போய்
நாயகி கன்னத்தில் ஒரு மயிர்க்கால் இல்லை.
கல்யாண ஆல்பத்தில் பெண்ணை வெளுத்துவிடும்
ஸ்டூடியோக்காரன்
அந்த ஊரிலும் இருக்கிறான் போல.
"பொடி போயிருச்சுக்கா."
பிலிமின் பொடியைச் சொல்கிறான்.
பொடி போனால் தோலும் போச்சு.
படம் நாலு.

மூன்றாவதைப் போட்டதும் கரண்ட் போனது.
"இதான் பத்து" என்றான் இருட்டிலிருந்து.
கீழே பரோட்டாக் கல்லில்
ஒரு மணி நேரமாய் அதே கொத்து.

கரண்ட் வந்தது.
அந்தக் காட்சி எனக்கு மனப்பாடம்.
மூடப்போகும் ஓட்டல், கவிழ்த்த நாற்காலிகள்.
அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்து
தன் கல்யாணம் எப்படி முடிந்தது என்று சொல்வாள்,
யாரிடமும் இல்லை, காலி இடத்திடம்.
இருபத்திரண்டு வயதில் டிவியில் பார்த்த அன்றே
அதற்காகத்தான் அவளைப் பிடித்தது.
எனக்குத் தீர்ப்பு வந்த மத்தியானம்
அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணிடம்
நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்,
அவளைப் போலவே முகவாயைத் தூக்கி.

முதல் இரண்டு வட்டும் சதுரம்.
இது முழு அகலம்.
இடது ஓரத்தில்
ஓர் ஆள்.
தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு
காப்பி ஆறுவது தெரியாமல்
கேட்டுக்கொண்டிருக்கிறார். முழுவதும் கேட்கிறார்.
ஓரிடத்தில் தலையைக்கூட ஆட்டுகிறார்.

டிவிக்கு அடங்கவில்லையென்று
யாரோ அவரை வெட்டியிருக்கிறார்கள்.

எங்கள் டாக்டர் தினம் கத்துவார்:
"ஓரத்த வெட்டாதம்மா,
முறிவு அங்கதான் இருக்கும்."

குபேந்திரன் நிறுத்தி, பின்னால் ஓட்டி, நிறுத்தி,
திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தான்
அந்த ஆளின் கோட்டில்.
"நூல எண்ணலாம்க்கா."
எனக்கு அந்த ஆள் மேல் கோபம்.
இத்தனை வருடம் எங்கே இருந்தார்.
கொஞ்ச நேரம் கழித்து அவள் மேலும்.

படம் ஒன்பது. ஒலி எட்டு.
கறுப்பு எட்டு என்று எழுதி
அவர் உட்கார்ந்திருக்கும் மூலைக்கு
அரை மார்க் சேர்த்தேன்.

டீயோடு வந்த சுமித்ரா
"எதுக்கா நல்லாருக்கு?"
மூணாவது என்றேன்.
சந்தேகமே இல்லை, மூணாவதுதான்.
கிளம்பும்போது
முதல் வட்டை இரவல் கேட்டேன்.
"அதுல பாதி தெரியாதேக்கா" என்றான்.
நான் குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.